அல்புமின் சுரந்த பால்மரம்

ரப்பர் மரத்தில் மனித இரத்தத்தின் சாரம் வடிகிறது என்று யாராவது கதை எழுதியிருந்தால் தோட்டத்தில் பிறந்தவர்கள் அதைப் புதுமை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பிரட்டுக்களத்திலிருந்து சாவு வீடு வரைக்கும் மூன்று தலைமுறையாகப் புழங்கிய பேச்சுதான் அது. மரத்தடியில் புதைந்த உடம்பு, பாலாக மாறிய இரத்தம் என்று தோட்டப் பாட்டுகளும் சிறுகதைகளும் இந்தப் படிமத்தை மாற்றி மாற்றிச் சொல்லிச் சலித்துவிட்டன. ஆனால் 2002-ஆம் ஆண்டு இதே சேதி உவமை ஏதும் இல்லாமல், அட்டவணையும் படமுமாக, ரப்பர் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வந்தது. ஆரோக்கியராஜ், இயாங் ஹூங் இயீட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மனித மரபணு ஒன்றை ரப்பர் மரத்துக்குள் ஏற்றி, மனித இரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தை அந்த மரத்தின் பாலில் தோன்ற வைத்திருந்தார்கள்.

வேலை நடந்த இடம் மலேசியாவின் சுங்கை பூலோ. 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டம் அங்கேதான் இருந்தது. ஆர்.ஆர்.ஐ. என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். அங்கிருந்து மேற்கே பிடித்தால் அசாம் ஜாவா வழியாகக் கோலசிலாங்கூர் வரைக்கும் ஒரே சாலை. அதற்கு இரு பக்கமும், வடக்கே பத்தாங் பெர்ஜுந்தை வரையிலும், ஒரு காலத்தில் பால்மரத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. இப்போது செம்பனை. பத்தாங் பெர்ஜுந்தைக்கும் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது.

மனித மரபணு ஏறிய மரம் கொஞ்சம் மனிதனாகிவிடுமா? அறிவியல் புனைகதை இருநூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. பதிலைத் தேட முதலில் அந்தப் புரதத்தையும் அந்தப் பாலையும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அல்புமினைத் தயாரிப்பது கல்லீரல், ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதினைந்து கிராம் வரை. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்துள்ள புரதங்களில் பாதிக்கு மேல் இதுதான். கொழுப்பமிலங்களையும் பித்த நிறமியையும் நாம் விழுங்கும் பல மருந்துகளையும் சுமந்து போவது அதன் ஒரு வேலை. தண்ணீரை இரத்தக் குழாயை விட்டு வெளியே கசியவிடாமல் உள்ளே பிடித்து வைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலை கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து லயங்களில் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. சம்சு சாராயம் குடித்துக் குடித்துக் கல்லீரல் சுருங்கிப்போன மனிதர், கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். ‘வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு’ என்பார்கள் வீட்டில். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி அந்த நீரை ஐந்து லிட்டருக்கு மேல் இறக்க நேர்ந்தால், எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறிலிருந்து எட்டு கிராம் என்று கணக்குப் போட்டு அல்புமினை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். ஏற்றாவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து சிறுநீரகம் படுத்துவிடக்கூடும்.

அந்தச் சிறு பாட்டிலில் இருப்பது வேறு மனிதர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வின் கோன் இரத்த நீரைக் குளிர்ந்த எத்தனாலில் படிப்படியாகப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் தீக்காயம் பட்டவர்களுக்கு அந்த அல்புமின் ஏற்றப்பட்டது. இன்று உலகத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் அல்புமின் தேவைப்படுகிறது. அதற்கு மூலம் பெரும்பாலும் மனித இரத்தம்தான். கல்லீரல் செய்வதை வேறு எங்காவது செய்ய வைக்க முடியாதா என்ற யோசனை இந்தப் பற்றாக்குறையில் பிறந்தது.

முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. 1978-இல் பாக்டீரியாவுக்குள் மனித இன்சுலின் மரபணுவை வைத்து இன்சுலின் எடுத்தார்கள். 1982-இல் அது மருந்துக்கடைக்கே வந்துவிட்டது. அல்புமின் அவ்வளவு சாதுவான புரதம் இல்லை. 585 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம், பதினேழு இடங்களில் கந்தகப் பிணைப்புப் போட்டுச் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். அதே சமயம் அதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு. இரத்தத்தின் வேறு பல புரதங்களைப் போலச் சர்க்கரைத் துணுக்குகள் அதன்மேல் ஒட்டியிருப்பதில்லை. செடிகள் ஒட்டும் சர்க்கரை வேறு, நம் உடம்பு ஒட்டும் சர்க்கரை வேறு. அல்புமினுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஆகவே செடிகளில் முயன்றார்கள். 1990-இல் நெதர்லாந்துக் குழு ஒன்று உருளைக்கிழங்கு, புகையிலைச் செடிகளில் அதைச் சரியான வடிவத்திலேயே தோற்றுவித்துக் காட்டியது. ஆனால் புரதத்தை எடுக்க வேண்டுமென்றால் இலையைப் பறித்து அரைத்தாக வேண்டும். சுங்கை பூலோவில் இருந்தவர்களுக்கு இங்கேதான் பொறி தட்டியிருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பட்டையைச் சீவினால் தானாகவே வடித்துக் கொடுக்கும் மரம் அவர்கள் வாசலிலேயே நின்றது.

பால் வெட்டு எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். அதில் கையின் திறமை எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில் கோடு போகும். பால்குழாய்கள் மரத்தைச் சுற்றி வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு வெட்டிலும் கத்தி எடுக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டரோ சற்று மேலோ உள்ள சீவல். பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது பட்டையின் உள்ளோரத்தில். அதையடுத்து உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம். கத்தி அங்கே பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி வெட்ட ஆகாது, மண்டோர் வந்து பார்த்தால் ஏச்சு. அந்த ஓரத்தைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, விடியாத இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் வெட்டிக்கொண்டு போனவர்களில் பலர் பள்ளிக்கூடத்துப் படிகூட ஏறாத பெண்கள். அதிகாலையில் வெட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரால் குழாய்களுக்குள் அழுத்தம் உச்சத்தில் நிற்கும் நேரம் அது. வெயில் ஏறிவிட்டால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது.

மங்கில் சேரும் பால் மரத்தின் சாறு இல்லை. அது உயிரணுவின் உள்ளடக்கமே. வரிசையாக இருந்த உயிரணுக்கள் இடைச்சுவர் கரைந்து குழாய்களாகி, அவற்றுக்குள் இருந்த திரவம் வெட்டியதும் வெளியே வருகிறது. உயிரணுவின் உட்கருவும் பிற முக்கிய உறுப்புகளும் பெரும்பாலும் குழாய்ச் சுவரை ஒட்டித் தங்கிவிடுவதால், இழந்ததை மரம் இரண்டு நாளில் மீண்டும் செய்துகொள்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் வடிந்தபின் பால் நின்றுவிடும். பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்ற நுண்பைகள் வெட்டுவாயில் உடைந்து, அவற்றிலிருந்து வெளிப்படும் ஹெவின் போன்ற புரதங்கள் ரப்பர்த் துகள்களை ஒட்ட வைத்து அடைத்துவிடுகின்றன. நம் இரத்தம் உறையும்போது இரத்தத் தட்டுகள் செய்யும் வேலைக்கு இதை ஆய்வாளர்களே ஒப்பிட்டுப் பேசுவதுண்டு. அடுத்த வெட்டின்போது வெட்டுக்காரர் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் அப்படி உறைந்த மிச்சம்தான்.

இந்தப் பாலை மைய விலக்கியில் வேகமாகச் சுழற்றினால் மேலே ரப்பர் ஏடாகத் திரளும், அடியில் லூட்டாய்டுகள் படியும், நடுவே தெளிந்த திரவம் நிற்கும். ஆலைக்கு வேண்டியது ரப்பர் மட்டும். அந்தத் தெளிவு கழிவுநீரோடு போய்விடும். ஆரோக்கியராஜ் குழுவினர் அல்புமினை எடுக்க நினைத்தது அந்தத் தெளிவிலிருந்துதான். ரப்பரும் கெடாது, மரமும் சாகாது, கொட்டிவிடும் நீரில் மருந்து கிடைக்கும். கணக்கு அழகாகத்தான் இருந்தது.

செய்முறையும் அழகு. ரப்பர்ப் பூவின் மகரந்தப் பையைக் கண்ணாடித் தட்டில் ஊட்டக் கூழில் வளர்த்தால் உருவமற்ற உயிரணுத் திரள் ஒன்று உண்டாகும். மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர், செடிகளின் காயத்தில் புகுந்து தன் மரபணுத் துண்டை அவற்றுக்குள் நுழைத்துவிடும் பழக்கமுடையது. அந்தத் துண்டில் மனித அல்புமின் மரபணுவைச் சேர்த்துவிட்டுத் திரளோடு அதைப் பழகவிட்டார்கள். ஏறிய உயிரணுக்களைப் பிரித்து, அவற்றிலிருந்து கருவும் கருவிலிருந்து நாற்றும் வளர்த்தார்கள். 1994-இலேயே அயல் மரபணு ஏற்றிய ரப்பர் நாற்றுகளை இதே ஆய்வகம் உருவாக்கியிருந்தது. ஒரு மரம் அமைந்துவிட்டால் போதும். அதன் கண்ணை எடுத்துச் சாதாரணக் கன்றில் ஒட்டுப் போட்டு எத்தனை மரம் வேண்டுமானாலும் பெருக்கலாம். தோட்டத்தில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

அப்படியானால் ஏன் இன்று நம் ஆஸ்பத்திரிகளில் ரப்பர் அல்புமின் இல்லை? கன்று வெட்டுக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். சீனாவின் ஊகான் பல்கலைக்கழகக் குழு 2011-இல் அரிசி மணிக்குள் மனித அல்புமினை விளைவித்துக் காட்டியது. நெல் நாலைந்து மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும், மணியை மூட்டையில் கட்டி வைக்கவும் முடியும். மரத்துக்கு இன்னொரு வினையும் இருந்தது. எய்ட்ஸ் பயத்தில் 1980-களின் இறுதியில் உலக ஆஸ்பத்திரிகள் எல்லாம் ரப்பர்க் கையுறைக்கு மாறியபோது, மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும் ஒவ்வாமை கிளம்பியது. ரப்பர்ப் பாலின் சொந்தப் புரதங்கள்தான் காரணம். அவற்றை ஒவ்வொன்றாக இனங்கண்டவர்களில் இதே இயாங்கும் ஒருவர். தோலில் பட்டாலே தடிக்க வைக்கும் புரதங்கள் மிதக்கும் நீரிலிருந்து, நரம்பில் ஏற்றக்கூடிய சுத்தத்தில் ஒன்றை மட்டும் பிரிப்பது லேசான காரியமில்லை. அல்புமின் மரம் மருந்தாகவில்லை, ஆய்வாகவே நின்றுவிட்டது.

எச்.ஜி. வெல்ஸ் 1896-இல் எழுதிய டாக்டர் மோரோவின் தீவு என்ற நாவலில், விலங்குகளை அறுத்துத் தைத்து மனிதராக்க முயல்கிறார் ஒரு மருத்துவர். சிறுத்தையும் பன்றியும் இரண்டு காலில் நின்று சட்டம் ஓதுகின்றன, பிறகு மெல்ல மெல்ல விலங்காகத் திரும்புகின்றன. மனிதத்தனம் என்பது ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு ஊற்றக்கூடிய சரக்கு என்ற பயம்தான் அந்த நாவலை ஓட்டுகிறது. இன்றைக்கும் மரபணு மாற்றம் என்றால் செய்தித்தாள் தலைப்பில் எட்டிப் பார்ப்பது மோரோதான். சுங்கை பூலோ மரத்தை அவரிடம் காட்டியிருந்தால் ஏமாந்துபோயிருப்பார். மனிதனின் ஏறத்தாழ 20,000 மரபணுக்களில் ஒன்று அந்த மரத்துக்குள் போயிருக்கிறது. மரம் ஒன்றும் ஆகவில்லை, இலை உதிர்த்தது, தளிர்த்தது. அல்புமினிலேயே மனித முத்திரை அவ்வளவாக இல்லை. மாட்டு அல்புமினும் நம்முடையதும் நான்கில் மூன்று பங்கு ஒன்றேதான். ஆய்வுக்கூடங்களில் மாட்டு அல்புமினை அன்றாடம் உப்பைப் போலச் செலவழிக்கிறார்கள்.

ஆக, மனிதனை மனிதனாக்கும் பொருள் எது என்று மூலக்கூறுகளைக் கிளறுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. தோட்டப் பாட்டு சொன்ன இரத்தமும் இந்த இரத்தம் இல்லை. அந்தப் பாட்டு ஒரு கணக்கைத்தான் சொல்கிறது: யார் கொடுத்தார்கள், யார் எடுத்துக்கொண்டார்கள் என்ற கணக்கு. மருத்துவ உயிர்நுட்பத்தைப் பற்றி எழுதப்பட்ட நல்ல கதைகள் எல்லாம் சுற்றி வளைத்து வந்து சேர்வதும் அந்தக் கணக்குக்குத்தான் என்பது என் எண்ணம்.

செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920-இல் எழுதிய ஆர்.யு.ஆர். நாடகத்தில்தான் ரோபோக்கள் உலகுக்கு அறிமுகமாயின. அவை இரும்புப் பொம்மைகள் என்று நினைப்பவர்கள் நாடகத்தைப் படிக்காதவர்கள். சாபெக்கின் ரோபோக்களுக்குச் சதை உண்டு. கல்லீரலுக்கும் மூளைக்கும் தனித்தனித் தொட்டி, நரம்பு நூற்க ஓர் ஆலை. உயிர்க்கூழைப் பிசைந்து ஆட்களைச் செய்கிறார்கள். மலிவான கூலி என்பதுதான் நோக்கம். வலி தெரியாததால் ரோபோக்கள் கையை இயந்திரத்தில் விட்டுவிடுகின்றன, சேதம் அதிகமாகிறது என்று, வலியைப் புகுத்தப் பார்க்கிறார் ஆலை மருத்துவர். வலி எதற்கு? செலவைக் குறைக்க. மனித உணர்வு ஒன்றைக் கணக்குப் புத்தகத்தின் செலவுப் பக்கத்திலிருந்து எழுதிய அந்த இடத்துக்கு ஈடாக எந்த மரபணுக் கதையிலும் நான் படித்ததில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1932-இல், ஆல்டஸ் ஹக்ஸ்லி கருவையே புட்டிகளில் வளர்த்தார். ஒரு கருமுட்டையைப் பிளந்து 96 ஒரே மாதிரி ஆட்கள். அவர்களில் வெப்ப நாட்டு வேலைக்கென்று ஒதுக்கிய கருக்களுக்குப் புட்டியிலேயே நோய்த் தடுப்பு, வெயிலைத் தாங்கும் பழக்கம். வாசகர்கள் இதை எதிர்காலம் என்று படித்தார்கள். கோலசிலாங்கூரில் அந்த எதிர்காலத்தின் ஒரு பகுதி ஊசியும் புட்டியும் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. தமிழனுக்கு இந்த வெயில் ஒத்துவரும், சீனன் சுரங்கத்துக்கு, மலாய்க்காரன் வயலுக்கு என்று இனத்துக்கு ஒரு வேலையை எழுதிவைத்திருந்தது காலனி நிர்வாகம். 1920-களின் இறுதியில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்தபோது அதையும் குறைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவம் தோட்டத்துக்குள் வந்ததும் இந்தக் கணக்கு வழியாகத்தான். மலேரியாவை ஒழிக்கப் பாடுபட்ட மால்கம் வாட்சன் தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றை அழுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று எண்ணினார். எத்தனை பிள்ளைக்கு வீக்கம் என்பது அந்தத் தோட்டத்தின் மலேரியா அளவு. சதுப்பு நிலம் வடிகட்டப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். வாட்சனின் உழைப்பைச் சின்னதாக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஆரோக்கியமான கூலியால் வரும் லாபத்தைக் காட்டித்தான் முதலாளிகளைச் சம்மதிக்க வைக்க முடிந்தது.

இந்த மண்ணிலிருந்தே ஒரு நாவல் உலகப் புகழ் பெற்றதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோகோனியே. தெனமாரம் தோட்டத்தில் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டவரும் அவர்தான். அவர் எழுதிய மலேசீ என்ற நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அழகான நாவல், மறுக்க மாட்டேன். ஆனால் அதன் மையத்தில் இருப்பவர்கள் இரண்டு பிரெஞ்சுத் துரைகளும் அவர்களுடைய இரண்டு மலாய்ப் பணியாட்களும். யாருக்கு ஆன்மா இருக்கிறது என்று பக்கம் பக்கமாக விசாரிக்கும் அந்த நாவலில், துரைகளின் வீட்டைக் கட்டக் காசு கொடுத்த பால்மரங்களின் வெட்டுக்காரர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களை மையத்துக்குக் கொண்டுவரத் தமிழ் நாவல்கள் வர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துப்போன அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார், இங்கேயே இருந்தவர்கள் அதைவிட உள்ளிருந்து எழுதினார்கள்.

ஃபோகோனியேவுக்குப் பரிசு கிடைத்த அதே 1930-இல், ஆர்.ஆர்.ஐ.க்குப் பக்கத்திலேயே, சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு திறக்கப்பட்டது. முந்தைய முகாம்களின் சிறைத்தனத்தைப் பொறுக்காத டாக்டர் டிராவர்ஸ் போன்றவர்களின் முயற்சியில், தோட்ட நகரம் போலத் திட்டமிட்டுக் கட்டியது. சிறு வீடுகள், பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயங்கள், சந்தை, சிறை, வெளியே செல்லாத தனிப் பணத்தாள். ஒரு காலத்தில் உலகின் இரண்டாவது பெரிய தொழுநோய்க் குடியிருப்பு என்று பேரெடுத்தது. அங்கே கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தன. பிறந்த பிள்ளையைத் தாயிடம் விடமாட்டார்கள். உறவினர் யாராவது வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தத்துக் கொடுத்துவிடுவார்கள். பிற்காலத்தில் பெற்றவர்களைத் தேடி அங்கே வந்தவர்களின் கதைகள் ஆவணப்படங்களிலும் நூல்களிலும் பதிவாகியுள்ளன.

அந்தக் குடியிருப்புக்கு மருத்துவ வரலாற்றிலும் தனி இடம் உண்டு. தொழுநோய்க் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியாது, இன்றுவரை முடியவில்லை. உயிருள்ள உடம்புதான் அதற்கு வேண்டும், அதுவும் குளிர்ந்த பாகம். 1960-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஷெப்பர்ட் சுண்டெலியின் பாதத்தில் அதை வளர்க்கும் வழியைக் கண்டார். சுங்கை பூலோவில் பல வருஷம் தொழுநோய் மருந்தான டாப்ஸோன் சாப்பிட்டும் நோய் திரும்பிய சிலர் இருந்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவர்கள் மேல் பழி போடுவது சுலபம். அவர்களிடமிருந்து எடுத்த கிருமியை லண்டனுக்கு அனுப்பி எலிப் பாதங்களில் ஏற்றி, டாப்ஸோன் கலந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி சாகவில்லை. டாப்ஸோனை எதிர்த்து நிற்கும் தொழுநோய்க் கிருமி இருக்கிறது என்பதை 1964-இல் ஆய்வாளர்கள் பெட்டிட்டும் ரீஸும் உலகுக்கு முதன்முதலாக நிறுவியது இப்படித்தான். ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 1982-இல் வகுத்த முறைக்கு இந்தக் கண்டுபிடிப்பு ஒரு முக்கியக் காரணம். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதனால் குணமானார்கள். சான்று சொன்னது சுண்டெலியின் பாதம். அந்த நோயாளிகளின் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு எடை இருந்திருக்காது.

கசுவோ இஷிகுரோ 2005-இல் எழுதிய நெவர் லெட் மீ கோ நாவலைப் படித்தபோது எனக்குக் கண்முன் வந்தது இந்தக் குடியிருப்புத்தான். உறுப்புகளைக் கொடுப்பதற்கென்றே நகலெடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகள், இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஓர் அழகான பள்ளியில் வளர்கிறார்கள். அங்கேயும் வெளியே செல்லாத டோக்கன்கள், உள்ளேயே ஒரு சந்தை. பிள்ளைகள் வரையும் நல்ல படங்களை ஒரு பெண்மணி வந்து எடுத்துப் போவார். இவர்களுக்கும் ஆன்மா இருக்கிறது என்று வெளியுலகுக்குக் காட்டுவதற்கு அந்தப் படங்கள்தான் ஆதாரம் என்று கடைசியில் தெரிகிறது. நகலெடுத்தது எப்படி, எந்த உயிரணு, எந்த ஆய்வகம் என்று இஷிகுரோ ஒரு வரிகூட எழுதவில்லை. அறிவியல் வாசகர்கள் சிலர் அதைக் குறை சொன்னார்கள். எனக்கு அதுதான் நாவலின் பலம். நகல் என்பதில் ஒரு மர்மமும் இல்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுமரம், 1937-இல் சிலாங்கூரின் பிராங் பெசார் மர வகை ஒன்றையும் ஜாவாவின் ஜிராஞ்சி மர வகை ஒன்றையும் இணைத்ததில் கிடைத்த ஒற்றை விதை. கண் ஒட்டால் அதைப் பெருக்கி உலகெங்கும் நட்டுவிட்டார்கள். 2013-இல் அதன் மரபணுத் தொகுதியின் வரைவையும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. ஆனாலும் ஒரே நிரையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரங்கள் ஒரே அளவு பால் கொடுப்பதில்லை என்பதை எந்த வெட்டுக்காரரும் சொல்வார். அடியில் இருக்கும் வேர்க்கன்று வேறு, மண் வேறு, வெட்டிய கை வேறு. மரத்திலேயே இப்படி என்றால் மனித நகல் தனி ஆளாக இருப்பான் என்பதில் என்ன சந்தேகம்? இஷிகுரோவின் பள்ளிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அது தெரிந்தேயிருந்தது. தெரிந்தும் உறுப்பை வாங்கிக்கொண்டார்கள்.

தமிழில் சுஜாதா இதே இடத்தை வேறு வழியாக வந்தடைந்தார். ‘என் இனிய இயந்திரா’வில் அவர் கற்பனை செய்த 2021-இல் பெயரையும் பிள்ளைப்பேற்றையும் ஆயுளையும் அரசே வகுக்கிறது. மனிதர்கள் சொன்னதைக் கேட்டு நடக்கிறார்கள். எதிர்க்கேள்வி கேட்பதும் புத்தகம் படிப்பதும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. தொடராக வந்த காலத்தில் விறுவிறுப்புக்காகப் படித்த வாசகர்கள், ஜீனோவைக் கழற்றிப் போட்டுவிடுவார்களோ என்று பதறினார்கள். சதையும் மரபணுவும் இல்லாத ஒன்றுக்காக.

சுங்கை பூலோ சோதனைத் தோட்டம் இப்போது குவாசா டமன்சாரா என்ற புறநகராகிக்கொண்டிருக்கிறது. 2016 டிசம்பரில் அதன் வழியாக எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியது. தொழுநோய்க் குடியிருப்பின் ஒரு பகுதியில் பல்கலைக்கழக மருத்துவ வளாகம் எழுந்துவிட்டது. அல்புமின் மரங்கள் ஒருவேளை தோப்பாகியிருந்தால், 2007-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி வேலியும் காவலும் போட்டு, மகரந்தம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டு நடத்தியிருப்பார்கள். அதற்குள்ளும் விடியாத இருட்டில் யாராவது ஒருவர் போய்ப் பட்டையைச் சீவித்தான் ஆக வேண்டும். நம் ஆட்களின் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு எப்போதோ போய்விட்டார்கள். இன்று பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிச் செம்பனைக் குலை வெட்டுவோர் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஃபொமேமா என்ற மருத்துவப் பரிசோதனையைத் தாண்ட வேண்டும். இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுப்பார்கள். காசநோய், எச்.ஐ.வி., மலேரியா பார்ப்பார்கள், தொழுநோயும் பட்டியலில் இருக்கிறது. வரும் பதில் இரண்டில் ஒன்று: பொருத்தமானவர், பொருத்தமற்றவர். சாபெக்கின் ஆலையில் ரோபோக்களுக்குப் பிள்ளை பெறும் ஆற்றலை வைக்கவில்லை, உற்பத்திக்கு அது அநாவசியம் என்று விட்டுவிட்டார்கள். ஃபொமேமா பரிசோதனைக்குப் போகும் பெண் கருவுற்றிருந்தால் அவளுக்கு எழுதப்படுவதும் பொருத்தமற்றவர் என்பதுதான். டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.